ஒரே ரப்பர் பட்டியில் இரண்டு சம்பந்திகள்

ஓய்வு பெற்ற முதல் வருடம் முழுக்க நான் மாலை வேளைகளில் கண்டி வாவியைச் சுற்றி நடந்தேன். என்னோடு ஒரே அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த சிநேகிதியும் கூட வருவாள். பாதித் தூரம் மருமக்களைப் பற்றிப் பேசுவோம், மீதித் தூரம் முழங்கால்களைப் பற்றி. நடந்து முடிந்ததும் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு தேநீர்க் கடை. இவ்வளவு நடந்தோமே என்று ஆளுக்கொரு பொரித்த ரோல்ஸ் சாப்பிடுவோம். மழை பெய்தால் ஆளுக்கு இரண்டு. கண்டியில் மழைக்குப் பஞ்சமில்லை.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது தெரிந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. குளிசையை ஒழுங்காகப் போட்டேன். சோற்றைக் குறைத்தேன், அல்லது குறைத்ததாக நினைத்தேன். இரத்தப் பரிசோதனை மட்டும் என்னை நம்ப மறுத்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்தப் பரிசோதனையில் எட்டைத் தாண்டிய எண் ஒன்று ஒவ்வொரு முறையும் வந்து நின்றது.

"நான் நடக்கிறேன் டொக்டர்" என்றேன், கிளினிக்கில் டொக்டர் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"நல்லது, நடங்க. நிப்பாட்ட வேணாம்" என்றார் அவர். "ஆனா தசைக்கும் வேல குடுக்கணும். நம்ம சாப்பிடுற சீனி இரத்தத்துலயே சுத்திக்கிட்டு இருந்தா எப்பிடி? எங்கயாவது போய் இறங்கணும்தானே? அது இறங்குற பெரிய எடம் தசைதான். பாரம் தூக்கி, இழுத்து, தள்ளித் தசைய வேல வாங்கினா அது சீனிய உள்ள எடுத்துக்கும். வேல முடிஞ்ச பொறகும் ஒரு நாள் அளவுக்கு எடுத்துக்கிட்டே இருக்கும். வயசு போகப் போகத் தசை கரையுது. அதத் தடுக்கணும்."

பாரம் என்றதும் எனக்கு ரி.வி.யில் பார்த்த ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். எண்ணெய் பூசிய உடம்பு, பிதுங்கிய கண்கள். "இந்த வயசுலயா டொக்டர்?" என்றேன். அவர் சிரித்தார். கிளினிக்குக்குப் பக்கத்து மண்டபத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஒரு மிஸ் வகுப்பு நடத்துவதாகச் சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை போனேன். சேலைதான். காலில் கோயிலுக்குப் போடும் செருப்பு. மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக இருந்தன. ஏறக்குறைய எல்லோரும் என் வயதுப் பெண்கள், ஓரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றிரண்டு ஆண்கள். உட்கார இடம் தேடித் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். முன்வரிசையில், முதுகை நேராக நிமிர்த்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

என் மகனும் அவருடைய மகளும் ஒரே வங்கியில் வேலை செய்து, தாங்களாகவே விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். பிலிமத்தலாவையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர். கணவரின் வேலைக்காகக் கண்டிக்கு வந்து அம்பிட்டியவில் வீடு கட்டி எத்தனையோ வருடங்கள் ஆகியும் சம்பந்தியின் பேச்சில் கண்டிக் காற்று ஒரு துளியும் படவில்லை. கல்யாணப் பேச்சுக்கு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கதிரையில் உட்கார்ந்த கையோடு அவர் கேட்ட கேள்வி, "நீங்கள் எந்தத் தோட்டம்?" என்பது.

"அம்மா கலஹாத் தேயிலைத் தோட்டம். அப்பா நாவலப்பிட்டி டவுன்ல புடவைக்கடை. நான் இந்தக் கட்டுக்கலையிலதான் முப்பது வருஷமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தேநீர் ஊற்ற உள்ளே போனேன். கேள்வியில் தப்பில்லை. மலைநாட்டுத் தமிழர் என்றாலே தோட்டக் கூலிகள்தான் என்பதுபோலக் கேட்ட விதம்தான் நெஞ்சில் தைத்தது. அதற்குப் பிறகு நான் தட்டில் வைத்த அதிரசத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உது எங்கட அரியதரமெல்லோ?" என்றார். அதிரசத்துக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். ஆனாலும் அந்த 'எங்கட'வை நான் மறக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு நாங்கள் இருவரும் மிக மரியாதையாக நடந்துகொண்டோம். தீபாவளிக்கு என் வீட்டிலிருந்து ஒரு சிவப்பு டின் நிறைய அதிரசம் அம்பிட்டியவுக்குப் போகும். பொங்கலுக்கு அங்கிருந்து ஒரு டின் பயத்தம் உருண்டை கட்டுக்கலைக்கு வரும். தொலைபேசியில் "நல்லா இருந்துச்சி", "நல்ல ருசி" என்று சொல்லிக்கொள்வோம். எனக்குச் சீனி இருப்பதை அவரிடம் சொல்லவேயில்லை. பையனின் அம்மா நோயாளி என்று எதற்குப் பேச்சு? பெண்ணின் அம்மாவும் அதே கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

"வாங்க சம்பந்தி" என்றேன், ஏதோ என் வீட்டு வாசலில் நிற்பதுபோல.

"ஓ, நீங்களும் வந்தனீங்களோ?" என்றார். முகம் சிவந்துவிட்டது. "எனக்குச் சும்மா... கொஞ்சமாத்தான் சீனி."

"எனக்கும் கொஞ்சம்தான்."

"அப்ப அந்த அதிரசம் அனுப்பினது?"

"அது உங்களுக்குத்தானே அனுப்பினேன். சாப்பிட்டீங்கதானே?"

"ஓம் ஓம். கொஞ்சம் கொஞ்சமா, அவ்வளவும் சாப்பிட்டனான். நீங்கள் உருண்டை?"

"நானும் அப்பிடித்தான்" என்றேன்.

அதற்குள் மிஸ் வந்துவிட்டார். சிங்களப் பெண், என் மருமகள் வயதிருக்கும். வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட தமிழ். அதைத் தயங்காமல் பேசுவார். "எல்லாரும் ஜோடி ஜோடியா நில்லுங்க அம்மா" என்றார். பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்களை அவரே பிடித்துச் சேர்த்துவிட்டார். எங்கள் இருவர் கைகளிலும் ஒரு பச்சை ரப்பர் பட்டியின் இரண்டு முனைகளைத் திணித்தார். அகலமான, நீளமான பட்டி. ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர் முழங்கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

நான் இழுத்தேன். சம்பந்தி ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்.

"மெல்ல!" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "உங்களுக்கு இது பழக்கமாக்கும்" என்றார்.

"நான் கிளாக்கர் சம்பந்தி. பேனாவத்தான் தூக்கிப் பழக்கம்" என்றேன். அடுத்த இழுவையைக் கொஞ்சம் பலமாகவே இழுத்தேன்.

அன்றைக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, மணல் நிரப்பிய தண்ணீர்ப் போத்தலைத் தோளுக்குத் தூக்குவது. "மூச்ச பிடிக்க வேணாம் அம்மா! தூக்கும்போது விடுங்க, மூச்ச விடுங்க" என்று மிஸ் சுற்றிச் சுற்றி வந்தார். 'சரி' என்பதற்குச் சிங்களத்தில், "ஹரி, இன்னும் ஒண்ணு" என்பார். அவருடைய 'ஒண்ணு' ஒருநாளும் ஒன்றோடு முடியாது. மறுநாள் காலையில் நான் படுக்கையிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரிக்குப் போய் வருத்தத்த வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் போகாவிட்டால் சம்பந்தி, "பாத்தியளோ, ஒரு நாளோட நிண்டுட்டா" என்று மகளிடம் சொல்லுவார். ஆகவே போனேன். அவரும் வந்திருந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவர், என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தார். அவரும் என் நினைப்பிலேயேதான் வந்திருக்கிறார் என்று புரிந்தது.

இப்படிப் பிடிவாதத்தில் வாரங்கள் ஓடின. பச்சைப் பட்டி போய் நீலப் பட்டி வந்தது. அது இன்னும் இறுக்கமானது. எனக்குக் கையில் பலம், சம்பந்திக்குக் காலில். அவர் கதிரையிலிருந்து எழுந்து உட்காருவதைப் பார்த்தால் கதிரைக்குத்தான் மூச்சு வாங்கும். சந்தைக்குப் போய் இரண்டு கை நிறையப் பைகளோடு பஸ் ஏறும்போது நான் படிக் கம்பியைத் தேடாமல் ஏறினேன். காலையில் விரலைக் குத்திப் பார்க்கும்போது வரும் எண் மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. வகுப்புக்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கும். இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்யுங்கள் என்றார் மிஸ். ஜோடி வேண்டுமே. "எங்கட வீட்டுக்கு வாங்கோவன். ஹோல் பெரிசு" என்றார் சம்பந்தி. கல்யாணத்துக்குப் பிறகு அவராக என்னை வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ. அம்பிட்டிய பஸ்ஸிலிருந்து இறங்கி, அவர் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டுப் பக்கம் போனேன். கண்டியில் பல வீடுகள் அப்படித்தான். வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் கூரை தெரியும். படிக்கட்டின் அடியில் நைட்டிக்கு மேல் ஒரு துவாயைப் போர்த்துக்கொண்டு சம்பந்தி நின்றார். பக்கத்தில் ஒரு காஸ் சிலிண்டர்.

"விடியப் பிட்டு அவிக்கேக்க காஸ் முடிஞ்சுபோச்சு" என்றார். "ஆட்டோக்காரரைப் பிடிச்சு எடுப்பிச்சனான். தனக்கு முதுகு வருத்தமாம், ஏறமாட்டாராம், இதிலை இறக்கிப்போட்டுப் போட்டார். என்ர மனிசனும் ஊருக்குக் கோயில் திருவிழாவுக்குப் போட்டார்."

நான் சிலிண்டரைப் பார்த்தேன். சம்பந்தியும் பார்த்தார். பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நாங்க எதுக்கு செவ்வாயும் வெள்ளியும் போறோம்?" என்றேன்.

முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினேன். மேல் வளையத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். முழங்காலை மடக்கி, முதுகை நேராக்கி, மிஸ் சொன்னபடியே மூச்சை விட்டுத் தூக்கினோம். சிலிண்டர் எழும்பியது. எங்கள் இரண்டு பேருக்கும் அது நம்ப முடியாமல் இருந்தது. ஏழெட்டுப் படிக்கு ஒருமுறை இறக்கி வைத்தோம், கை மாற்றினோம், மறுபடி தூக்கினோம். எதிர்ப்புறம் இறங்கி வந்த ஒரு மனிதர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். உதவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களைப் பார்த்தால் உதவி தேவைப்படுகிறவர்கள் மாதிரித் தெரியவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பாதிக்கு மேல் வந்திருப்போம். சம்பந்தி பக்கம் சிலிண்டர் சரிந்தது.

"கொஞ்சம் இருங்கோ. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

படியில் உட்கார்ந்தார். நெற்றி முழுக்க வியர்வை. ஏறியதால் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கை வெடவெடவென்று நடுங்கியது. "என்ன செய்யுது?" என்று நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல், "பிட்டு, பிட்டு" என்றார்.

"காலைல குளிச போட்டீங்களா?"

"ஓம்."

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார். காஸ் முடிந்த பிட்டு. குளிசையைப் போட்டுவிட்டு, வெறும் தேத்தண்ணீரோடு, இவ்வளவு பாரத்தை இவ்வளவு தூரம் தூக்கியிருக்கிறார். சீனி இறங்கிவிட்டது. மிஸ் இதைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! கைப்பையைக் கவிழ்த்தேன். பஸ் டிக்கட்டும் கைக்குட்டையும்தான் விழுந்தன. பக்கத்து வீட்டு யன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

"யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் சீனி தாங்க, சீனி!"

யன்னல் திறந்தே இருந்தது. அந்த வீட்டு முஸ்லிம் அம்மா எங்கள் ஊர்வலத்தை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "யா அல்லாஹ்! இரிங்க, இரிங்க, இந்தா வாறேன்" என்றவர் பெரிய கிளாஸில் சீனி கரைத்த தண்ணீரோடு ஓடி வந்தார். நான் சம்பந்தியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கிளாஸை அவர் வாயில் வைத்துப் பிடித்தேன். மெல்ல மெல்லக் குடித்தார். பிறகு நாங்கள் மூவரும் படியில் காத்திருந்தோம். அந்தக் கால் மணி நேரம் போல நீளமான கால் மணி நேரத்தை நான் அலுவலகத்தில்கூடக் கண்டதில்லை.

நடுக்கம் நின்றது. கண்ணில் வெளிச்சம் திரும்பியது. பக்கத்து வீட்டு அம்மா சுடச்சுட ஒரு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து கொடுத்தார். சம்பந்தி சாப்பிடுவதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"எங்களுக்கு எவ்வளவு செய்ற மனிசி தெரியுமா? தீவாளிக்குத் தீவாளி அவங்க கையால செஞ்ச அரியதரம் ஒரு டின் எங்க ஊட்டுக்கு வரும். சுக்கு வாசத்தோட, மேல எள்ளுப் போட்டு. அந்த மாதிரி வேற யாருக்கும் வராது."

சுக்கும் எள்ளும் என் அம்மா சொல்லிக்கொடுத்தவை. நான் சம்பந்தியைப் பார்த்தேன். ரொட்டி அவர் வாயிலேயே நின்றது.

"டின் என்ன நிறம்?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"சிவப்பு. ஏன்?"

"சும்மாதான்" என்றேன்.

அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்ன செய்யிறது? வீட்டில வைச்சிருந்தா நான் திண்டு முடிச்சிடுவன். அவ்வளவு ருசி. அதுதான் குடுத்தனான். ஆர் செய்தது எண்டு கேட்டா. வாய் தவறி..."

"உங்க பயத்தம் உருண்ட முழுக்க எங்க வீட்டுக்காரரோட கேரம் கூட்டாளிங்க வயித்துலதான் இருக்கு" என்றேன். "அவரே செஞ்சதா சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல் தோள் குலுங்கும் சிரிப்பு. எனக்கும் தொற்றியது. நடுப்படியில், சிலிண்டரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகு அவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"உங்கட வீட்டுக்கு முதல் வந்த அண்டைக்கு, எந்தத் தோட்டம் எண்டு கேட்டனான். அது பிழை. நீங்கள் தேத்தண்ணி ஊத்தப் போகேக்கயே எனக்கு விளங்கினது. பிறகு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"கலஹாவுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன். எங்க அம்மா பொறந்த எடத்தப் பாக்கலாம்" என்றேன். "ஓம், போவம்" என்றார். மனதிலிருந்து ஏதோ ஒன்று இறங்கினாற்போல் இருந்தது.

மிச்சப் படிகளுக்குச் சிலிண்டரை நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் தூக்கினோம். சம்பந்தி வெறுங்கையோடு பின்னால் வந்தார். "மூச்சைப் பிடிக்காதேங்கோ! முழங்காலை மடியுங்கோ!" என்று மிஸ்ஸைவிடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பில், படிக்கட்டில் நடந்ததைச் சொன்னபோது மிஸ் சிரிக்கவில்லை. குளிசை போட்டுச் சாப்பிடாமல் பாரம் தூக்கக்கூடாது, பையில் எப்போதும் இனிப்பு ஏதாவது இருக்க வேண்டும், தொடங்கும் முன் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும் என்று வகுப்பு முழுவதையும் நிறுத்திவைத்துச் சொன்னார். பிறகு எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "உண்மையாவே படி ஏத்தினீங்களா?" என்று மெல்லக் கேட்டார். ஏற்றினோம் என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவரால் முடியவில்லை. கிளினிக்கில் சம்பந்தியின் சீனி எண்களைப் பார்த்த டொக்டர், உடம்பு முன்னைவிட நன்றாகச் சீனியைப் பயன்படுத்துகிறது, இந்த அளவு குளிசை இனி அதிகம் என்று சொல்லி ஒன்றைக் குறைத்தார். எனக்குக் குறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் இதைப் பெரிய அநியாயமாக முறையிட்டேன்.

அடுத்த மூன்று மாதப் பரிசோதனையில் எனக்கு ஏழுக்குப் பக்கத்தில் வந்தது. சம்பந்திக்கு என்னைவிடக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை அவர் என் மகனுக்கும், என் மகன் எனக்கும், உடனுக்குடன் தெரியப்படுத்தினார்கள். "நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தப்ப வீடு அமைதியா இருந்துச்சிம்மா" என்றான் மகன். இப்போது ஒரு மாமியாரிடம் சொன்னதை அடுத்த மாமியாரிடம் மாற்றிச் சொல்ல முடிவதில்லை என்று அவனுக்கும் மருமகளுக்கும் ஒரே கவலை.

பிறகு மண்டபத்தின் கூரையைத் திருத்துவதற்காக வகுப்பை நிறுத்தினார்கள். எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளின் வீட்டுக்குக் கிட்ட, பிலிமத்தலாவையில் ஒரு ஜிம் இருக்கிறது. காலையில் பெண்களுக்கு மட்டும் ஒரு நேரம். அங்கே போவோமா என்று கேட்டது சம்பந்திதான். எனக்கு மறுபடி அந்த எண்ணெய் பூசிய ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். ஆனாலும் டவுனுக்குப் போய் இருவரும் சப்பாத்து வாங்கினோம். எனக்கு நீலம், அவருக்கு அதைவிடப் பளிச்சென்ற ஊதா. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் சுரிதார் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அந்த இடம் ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடி. உள்ளே ரப்பர் வாசம், சுவர் முழுக்கக் கண்ணாடி. மூலையில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மாதிரி இரண்டு பெண்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பாரம் தூக்கினார்கள். எங்களைக் கண்டதும் வழிவிட்டார்கள். காலால் தள்ளுகிற இயந்திரத்தில் சம்பந்தி முதலில் உட்கார்ந்தார். பயிற்றுவிக்கும் பெண் சின்னத் தட்டுகள் இரண்டை மாட்டினாள். சம்பந்தி தள்ளினார். சர்ரென்று போய் வந்தது. கதவைத் திறந்து மூடுவதுபோலத் திரும்பத் திரும்பத் தள்ளினார்.

"இது என்ன, ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கு" என்றார். "கூட்டச் சொல்லுங்கோ."

"மொத நாளு சம்பந்தி. இதையே முடிங்க."

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

பயிற்றுவிக்கும் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பெருமூச்சோடு போய், அடுக்கிலிருந்து அடுத்த தட்டை எடுத்தேன். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை விட்டு, கொண்டுபோய் மாட்டினேன்.